பட்டியலில் இல்லாதவர்கள்

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில், சைக்கிள் பயண நிதிக்கு நன்றி சொல்வதற்காகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைச் செயலாளர் சற்று முன் வாசித்தார். ஒரு பெயரும் விடுபடவில்லை. ஆனாலும் எனக்கு மனம் நிறையவில்லை. பெயர் தெரியாததால் அந்தப் பட்டியலில் ஏறாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்போல, இயந்திரத்தின் அருகே படுத்துக் கிடக்க வேண்டும். அவர்களுக்காகத்தான் நாங்கள் ஆறு பேர் இங்கிருந்து மலேசியாவின் பினாங்கு வரை மிதித்தோம். ஏறத்தாழ 750 கிலோமீட்டர். வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அதனால் ஊர்களுக்குள் புகுந்து போகும் பழைய சாலையைப் பிடித்தோம். அது எங்கள் நல்ல காலம். விரைவுச்சாலையில் போயிருந்தால் இந்த உரையே இல்லை.

உதவி நம் எல்லையான உட்லண்ட்ஸிலேயே தொடங்கிவிட்டது. குடிநுழைவுச் சோதனைக்கு மோட்டார் சைக்கிள்களோடு வரிசையில் நின்றபோது, என் பையின் வார் பின்சக்கரத்தில் சிக்கும்படி தொங்கியது. பின்னால் நின்றவர் இறங்கி வந்து, அதை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். தலைக்கவசத்துக்குள் இருந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் ஆயர் ஈத்தாம் தாண்டிப் பெருமழை. காய்கறி ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்தாமல், விளக்குகளைச் சிமிட்டியபடி, பின்னாலேயே காவலாக ஊர்ந்து வந்தது. ஊர் வந்ததும் ஒருமுறை ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அன்று பிற்பகல் யோங் பெங்குக்கும் லாபிஸுக்கும் இடையில் என் டயர் கிழிந்தது. டியூபில் ஓட்டை என்றால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். இது டயரின் பக்கவாட்டில், சுண்டுவிரல் நீளத்துக்கு. காற்றடித்தால் டியூப் அந்தக் கிழிசல் வழியே கொப்புளம்போலப் பிதுங்கி வெடித்துவிடும். இரு பக்கமும் செம்பனை மரங்கள். நண்பர்கள் முன்னே போய்விட்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஒரு வேப்பமரம், அதன் பின்னே பழைய தோட்டத்து வீடு. வாசலில் இருந்த பெரியவர் என்னைக் கண்டதும், “என்ன தம்பி, டயரா?” என்றார், தமிழிலேயே. உள்ளே போய், தேய்ந்துபோன சைக்கிள் டயர் ஒன்றையும் பால்மரம் சீவும் உளியையும் எடுத்து வந்தார். அந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அவர் முப்பது ஆண்டு மரம் சீவியவர். பட்டையைச் சீவும்போது உள்மரம் காயப்படக் கூடாது. காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்று சொல்லிக்கொண்டே, பழைய டயரிலிருந்து வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டை அறுத்தார். பிறகு அதன் ஓரங்களை மட்டும் தாள்போல மெலிதாகச் சீவினார். ஓரம் தடித்திருந்தால் டியூபை அறுக்கும் அல்லவா? விரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி சீவுவார். மொத்தம் அரைமணி நேரம். அந்தத் துண்டைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்துக் காற்றடித்தார். பினாங்கு வரை அது அசையவில்லை. கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ மேசைமேல் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். இப்படி ஒரு கைவேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் பணத்தை நீட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. நீட்டியிருக்கக் கூடாது. கணக்கை அங்கேயே தீர்த்துவிட்டுக் கிளம்பும் நகரத்து அவசரம் அது.

அவர் மனைவி அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் கொண்டுவந்தார். எதற்காக இவ்வளவு தூரம் மிதிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. தம் தங்கையும் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறாள் என்றார். உள்ளே போய், நான்காக மடித்த சிவப்புப் பத்து ரிங்கிட் தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். நம் காசுக்கு ஏறத்தாழ மூன்று வெள்ளி. அந்த வீட்டில் அது எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இருவரும் என் பெயரைக் கேட்டார்கள், பெற்றோரின் ஊரைக் கேட்டார்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். நான் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் சிகாமட் போய்ச் சேர வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

ரசீது எழுதும்போது பொருளாளர் பெயர் கேட்டார். பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். பத்து ரிங்கிட்டுக்கான அந்த ரசீது என் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்த மாதம் லாபிஸ் பக்கம் போகிறேன். அந்த வேப்பமரம்தான் அடையாளம். அவர்கள் பெயரைக் கேட்டு, அங்கேயே வைத்து அதில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.