ஒரே தண்ணீரின் மூன்று வேலைகள்

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பாசனக் கால்வாயின் கடைவரம்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் விவசாயிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பேச்சிப்பாறை அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால் உடனே சொல்லக்கூடியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் 48 அடி அளவுள்ள அந்த அணைக்கு வருமுன் மலைக்குள் அதே தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மேல் கோதையாறு அணையில் தேங்கும் நீர், மலைச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாய் வழியே பாய்ந்து முதல் மின் நிலையத்தில் 60 மெகாவாட் வரை தருகிறது. பின்னர் கீழ் கோதையாறு அணையில் தங்கி, இரண்டாம் நிலையத்தில் 40 மெகாவாட் வரை தந்த பிறகே பேச்சிப்பாறைக்கு வருகிறது. இரண்டு முறை மின்சாரம் தந்த அந்த நீர்தான் மூன்றாவதாக நம் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லுக்கும் பாசனச் சானலில் வருகிறது.

ஒவ்வொரு நிலையத்திலும் இயந்திரம் ஒன்றுதான். 1970-71 காலத்தில் ஓடத் தொடங்கியவை. ஒன்று நின்றால் நிலையமே நின்றுவிடும் என்பதால், பெரிய பழுதுபார்ப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் எண்ணம் எளிதில் வந்துவிடும். அப்படித் தள்ளக் கூடாது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

அணைச் சுவரின் முதுமை வேறு வகையானது. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னை 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்கு அழைத்துச் சென்றார். அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அருகிலேயே இருக்கிறது. சுவரில் திருநீற்றுப் பட்டை போல வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தன. விரலால் தொட்டால் ஈரம். சுரண்டினால் நகத்தில் சுண்ணாம்பு. கல்லின் இணைப்புகளுக்குள் புகும் நீர் காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, காற்றுப் பட்டதும் அங்கேயே விட்டுவிடுகிறது. கசிவு இருப்பதாலேயே அணை ஆபத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். கசிவின் அளவு கூடுகிறதா, தெளிவாக வந்த நீர் கலங்கி வருகிறதா என்பதைத்தான் தினமும் அளந்து எழுத வேண்டும். வடிகால் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிட்டால், அடியில் தேங்கும் நீரின் அழுத்தம் சுவரைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். கல்லால் கட்டிய அணை மிகவும் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். உலக வங்கி உதவியுடனான புனரமைப்புத் திட்டத்தில் இந்த அணை வலுப்படுத்தப்பட்டது நமக்கெல்லாம் ஆறுதல். என்றாலும் அந்த அளவெடுப்பு ஒருநாளும் நிற்கக் கூடாது.

மண்ணையும் கவனிக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் வேரோடு சாய்ந்த ரப்பர் மரங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சரிவில் பிடிப்பிழந்த மண் ஓடை வழியே ஆற்றுக்குத்தான் வரும். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைக்கும். நீரோடு குழாய்க்குள் போகும் நுண்மணல் இயந்திரத்தின் உலோகத்தையும் அரிக்கும்.

ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை பாசனத்துக்கு நீர் விடுவது இங்குள்ள வழக்கம். எஞ்சிய மூன்று மாதங்களில், ஆண்டுக்கு ஒரு நிலையம் என்று முறை வைத்து, முழுப் பராமரிப்பை முடிக்கலாம். கோடையில்தான் மின் தேவை மிகுதி என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் எதிர்பாராமல் பழுதாகி மாதக்கணக்கில் நிற்பதைவிடத் திட்டமிட்டு நிறுத்துவதில் இழப்பு குறைவு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. அந்த ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று இந்தக் கூட்டம் கோர வேண்டும். அதன் ஒரு படி, நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வாழும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.