பாலியா, லங்காவியா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

[காட்சி: பீடோங் கடைத்தெரு, காலை 7 மணி. பின்னால் குனோங் ஜெராய், பாதி மேகத்துக்குள்.]

வணக்கம். இது மலேசியாவில், கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங். சுங்கை பட்டாணிக்குக் கொஞ்சம் வடக்கே. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள், அதாவது ரப்பர்; இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பின்னால் தெரிகிற மலை குனோங் ஜெராய், 1,217 மீட்டர் உயரம். என் அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். நான் பிறந்து வளர்ந்ததும் லயத்து வீட்டில்தான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்.

போன வாரம் திருச்சியிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவன் உறவில் எனக்குத் தம்பி முறை.

"அக்கா, பாலிக்குப் போகட்டுமா, லங்காவிக்கு வரட்டுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"எந்த மாசம்ப்பா?" என்று கேட்டேன்.

"மாசம் எதுக்குக்கா? ரெண்டும் தீவுதானே, ரெண்டுலயும் வெயில்தானே?"

இந்த வீடியோவே அந்தக் கேள்விக்காகத்தான். ஏனென்றால் நானும் ஒரு தடவை மாதம் பார்க்காமல் போய், அம்மாவை நான்கு நாள் ஓட்டல் அறையில் உட்கார வைத்திருக்கிறேன்.

[காட்சி: வரைபடம். மேலே லங்காவி, கீழே பாலி, நடுவே பூமத்திய ரேகை.]

வரைபடத்தைப் பாருங்கள். லங்காவி பூமத்திய ரேகைக்கு வடக்கே, சுமார் 6 டிகிரியில். பாலி தெற்கே, சுமார் 8 டிகிரியில். ஒன்று ரேகைக்கு மேலே, ஒன்று கீழே. ஒரு தீவில் மழை வலுக்கும் காலத்தில் மற்றதில் அநேகமாக வெயில்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது கேரளாவில் கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வருவது காற்று மட்டும்தான். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதே விஷயம்தான் எங்களுக்கும், திசை மட்டும் வேறு. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானுவில் இறக்கிவிடும். அங்கே வெள்ளம் வரும், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் தங்குமிடங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். நடுவில் மலைகள் நிற்பதால் மேற்குக் கரையில் இருக்கும் லங்காவிக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல வெயில், அமைதியான கடல். செப்டம்பர், அக்டோபரில்தான் லங்காவியில் மழை அதிகம்.

பாலியில் இது தலைகீழ். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம், அதிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் உச்சம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆஸ்திரேலியப் பக்கத்து வறண்ட காற்று வீசும். வானம் தெளிந்திருக்கும், வியர்வையும் குறையும்.

ஆக, அரையாண்டு விடுமுறைக்கு டிசம்பரில் கிளம்பினால் லங்காவி. கோடை விடுமுறையில் மே மாதம் கிளம்பினால் பாலி. மற்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

"டிசம்பர்ல பாலிக்குக் கூட்டம் கூட்டமா போறாங்களே அக்கா?" என்று தம்பி கேட்டான். போகிறார்கள்தான். ஆஸ்திரேலியாவில் அது பள்ளி விடுமுறை, கூடவே கிறிஸ்துமஸ், புத்தாண்டு. விலை உச்சத்தில் இருக்கும், மழையும் உச்சத்தில் இருக்கும். எனக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர் "டிசம்பர்தான் சீசன்" என்றார். அவர் சொன்ன சீசன் வியாபாரத்துக்கானது, வானத்துக்கானது அல்ல. அதைக் கேட்டுத்தான் அம்மாவை அழைத்துப் போனேன். கிந்தாமணியில் நின்று பத்தூர் எரிமலையைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. போய் நின்றோம். எதிரே வெள்ளையாக ஒரு சுவர், மலையின் அடிகூடத் தெரியவில்லை.

[காட்சி: பாலியில் ஒரு வீட்டு வாசல். தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டு, அதில் பூ, ஊதுவத்தி.]

ஆனாலும் பாலியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அதற்குள் இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் தீவு பாலி. காலையில் ஓட்டலுக்கு எதிர்வீட்டுப் பெண் ஒருவர் வாசலில் பூத்தட்டு வைத்து, ஊதுவத்தி ஏற்றி, நீர் தெளித்துக் கும்பிட்டதை அம்மா மழைச் சாரலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குச் சானாங் சாரி என்று பெயர். கடை, வீடு, பைக், வயல் என்று எங்கும் வைக்கிறார்கள். "நம்ம குருத்தோலைத் தோரணம் மாதிரியே முடையிறாங்கடி" என்றார் அம்மா. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் பின்னிய கை அது, பார்த்த உடனே பின்னலைக் கண்டுபிடித்துவிட்டது.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொண்டு போங்கள். அங்கே கோயில் என்றால் கோபுரம், கருவறை, அர்ச்சனைத் தட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். பாலிக் கோயில் திறந்த முற்றம், அடுக்கடுக்கான கூரை வைத்த மேரு, உச்சியில் உருவம் இல்லாமல் காலியாக இருக்கும் பத்மாசனம். இடுப்பில் சாரோங், அதன் மேல் கச்சை கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். பல கோயில்களில் உள் முற்றம் வழிபட வருகிறவர்களுக்கு மட்டும்தான். இது தெரியாமல் போய், "சாமியே இல்லையே" என்று ஏமாந்து திரும்பும் நம் ஆட்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். ஊலுவத்துவில் சாயங்காலம் கடலோரப் பாறை மேல் கெச்சாக் ஆட்டம் நடக்கும். ராமாயணக் கதைதான், வாத்தியம் கிடையாது, வட்டமாக உட்கார்ந்த ஆண்களின் குரலே தாளம். பாட்டி, பேரன் இருவருக்கும் கதை தெரியும் என்பதால் குடும்பமாகப் பார்க்க அதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் பிடுங்கிவிடும்.

மார்ச்சில் போகிறவர்கள் ஞெப்பி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலி மக்களுக்குச் சக நாட்காட்டிப்படி வருடப் பிறப்பு அது. அன்று தீவே மௌனம். விளக்குப் போடக்கூடாது, தெருவில் இறங்கக்கூடாது, விமான நிலையமும் 24 மணி நேரம் மூடியிருக்கும்.

[காட்சி: லங்காவி, மாட் சின்சாங் மலை மேல் தொங்கு பாலம்.]

சரி, லங்காவி. 99 தீவுகளின் கூட்டம், கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 1987இல் வரியில்லாத் தீவாக்கினார்கள், 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காப் பட்டியலில் சேர்ந்தது. மாட் சின்சாங் மலைப் பாறைகளுக்கு வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். அந்த மலைக்குக் கேபிள் கார் போகிறது. உச்சியில் 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்த ஒரு தொங்கு பாலம். முழங்கால் வலிக்காரரும் உட்கார்ந்தபடியே 700 மீட்டர் உயரம் ஏறிவிடலாம். காற்று பலமாக அடித்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அதனால் பயணத்தின் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். கிலிம் பக்கம் சதுப்புக் காட்டுக்குள் படகில் போகலாம். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழகியதாக இருக்கும், ஆனால் இங்கே இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை எழுந்து நிற்கும்.

குறையையும் சொல்கிறேன். பந்தாய் செனாங் கடற்கரையில் மணல் அருமை, ஆனால் தண்ணீர் படத்தில் பார்க்கிற நீலம் அல்ல. மீன், பவளம் பார்க்க ஆசை இருந்தால் பாயார் தீவுக்குத் தனியாகப் படகு எடுக்க வேண்டும். கோயில், நடனம், மலை வயல் என்று பாலியில் கிடைக்கிற அளவு லங்காவியில் கிடையாது. மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளில் யாரும் களைத்துப் போகமாட்டார்கள். பாலி சுமார் 5,800 சதுர கிலோமீட்டர், சாலை குறுகல். கூத்தாவிலிருந்து உபுடுக்கு 35 கிலோமீட்டர் போல இருக்கும், இரண்டு மணி நேரம் பிடித்த நாளும் உண்டு.

இனிச் செலவு. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா தேவையில்லை, 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் அரசாங்கத்துடையது அல்ல. ஓட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். பாலிக்கு வந்திறங்கியதும் எடுக்கும் விசா ஓர் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. அது போக, 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவருக்கு பாலி வசூலிக்கும் கட்டணம் 1,50,000 ரூபியா. நாலு பேர் போனால் 26 லட்சம் ரூபியா. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு இந்திய ரூபாய்க்கே நூற்றைம்பதுக்கு மேல் ரூபியா வரும். ஆனாலும் லங்காவிக்கு இல்லாத செலவு அது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நேராக நாலு மணி நேரம், அங்கிருந்து லங்காவி ஒரு மணி நேரம். பாலிக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டும், மாறிய பிறகும் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்துவிடுங்கள். தம்பியிடம் இருப்பது ஆறே நாள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் இரண்டு இடத்திலும் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் சம்பாலில் பெலாச்சான், அவர்கள் சம்பாலில் தெராசி, இரண்டுமே இறால் விழுது. காய்கறிப் பிரட்டலில்கூடச் சேர்ப்பார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லாதீர்கள். "சாயா தா மாக்கான் டாகிங் லெம்பு" என்றால் கடைக்காரருக்குப் புரியும். பாலியில் பன்றிக்கறிதான் பெரிய விருந்து, பாபி குலிங் என்ற பலகையைப் பார்த்தால் அதுதான். காலைப் பசியாற லங்காவியில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் இருப்பதால் என் அம்மாவுக்குக் கவலையில்லை.

[காட்சி: மெர்போக், மலையடிவாரம். செங்குத்தான காட்டு ஓடை, அருகே கல் அடித்தளம்.]

லங்காவிக்கு மூன்று நாள் போதும் என்றேன். மிச்ச நாளைத் தீவுக்கு எதிரே, கெடாவின் நிலப்பகுதிக் கரையில் செலவழியுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். நாங்கள் கெடா என்கிற இந்த மண்தான் கடாரம். ராஜேந்திர சோழனின் கப்பல் படை 1025இல் வந்த கடாரம். பீடோங்கிலிருந்து அரைமணி நேரத்துக்குள் மெர்போக். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், புக்கிட் பத்து பகாட் சண்டியும் இருக்கின்றன. சண்டி என்றால் பழங்கால வழிபாட்டுக் கட்டடம். அந்தக் கல் அடித்தளத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஓடைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. 2013இல் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு சண்டியை வீட்டுமனைக்காக இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. இருப்பதையாவது வந்து பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நீங்கள்.

கரையிலிருந்து லங்காவிக்குப் படகு உண்டு. கோலா கெடாவில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரம், கோலா பெர்லிஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். டிசம்பரில் இந்தப் பக்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வியாழன் சாயங்காலப் படகைத் தவிருங்கள், இடம் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி, "அப்போ ஆறு நாளுக்குள்ள ரெண்டையும் பார்த்துடலாமா?" என்றான். வேண்டாம்ப்பா. விமான நிலையத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். பாலிக்கு ஒரு முழு வாரம் வேண்டும், அதையும் மே மாதத்தில், நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் போங்கள். பாலிக்குப் பக்கத்துத் தீவான நூசா பெனிடாவின் செங்குத்துப் படிகளில் எழுபது வயதுச் சித்தப்பாவை இறக்க முடியாது. இந்த டிசம்பருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள்.

சித்தப்பா போனை வாங்கிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெரியப்பா இங்கே வந்து வெட்டிய பால்மரத்தை, வெட்டுகிற நேரத்தில் பார்க்க முடியுமா என்று. அம்மா பக்கத்தில் இருந்தார். "டிசம்பர்னா பாக்கலாம். பிப்ரவரி, மார்ச்சுல இலை உதிர்ந்துடும், பால் குறைஞ்சிடும்" என்றார். தெரிந்தவர் ஒருவருக்கு இன்னும் மூன்று ஏக்கர் பால்மரம் இருக்கிறது, அவரிடம் அம்மாவே கேட்டு வைத்துவிட்டார். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக வடியும் என்பதால் வீட்டிலிருந்து விடிகாலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். முந்தின ராத்திரி மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது, அதனால் பீடோங்கில் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.