ஒரே காசில் அம்மாவும் மகனும்

நேயர்களுக்கு வணக்கம். பூவா தலையா என்று காசைச் சுண்டிவிடுகிறோமே, அதில் தலை யாருடையது என்பதற்காக ரோமாபுரி அரண்மனையில் ஒரு பனிப்போரே நடந்திருக்கிறது.

கி.பி. 54 அக்டோபரில் நீரோ பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 16. ஏற்றி உட்கார வைத்தவள் தாய் அக்ரிப்பினா, இறந்துபோன முந்தைய சக்கரவர்த்தி கிளாடியஸின் மனைவி. அந்த வருடம் அடித்த பொற்காசு ஒன்றைச் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. எடை ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பக்கத்தில் தாயும் மகனும் மூக்குக்கு மூக்கு நேராகப் பார்த்தபடி இருக்கிறார்கள். இருவருக்கும் சம இடம். சுற்றியுள்ள எழுத்தைப் படித்தால்தான் வேடிக்கை: ‘அக்ரிப்பினா அகஸ்டா, தெய்வமாகிவிட்ட கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய்.’ ஆமாம், அம்மாவின் பெயர்! சக்கரவர்த்தியின் பெயர் வேண்டுமானால் காசைத் திருப்ப வேண்டும்.

அடுத்த வருடக் காசில் இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். நீரோ முன்னால். அவன் முகத்தை ஒட்டி, ஒரு கோடு போல, அம்மாவின் நெற்றியும் மூக்கும் எட்டிப் பார்க்கின்றன. அவள் பெயர் பின்பக்கம் போய்விட்டது, நான்கு யானை பூட்டிய தேரைச் சுற்றி. அதற்கப்புறம் ரோமாபுரிக் காசில் அவளே இல்லை. 59-இல் அவளைக் கொல்ல ஆள் அனுப்பினான். காசைக் கவனித்து வந்தவர்களுக்கு முன்பே வாடை அடித்திருக்கும்.

பிறகு நீரோவின் கழுத்து தடிக்கிறது, தாடைக்கடியில் சதை தொங்குகிறது. அதை மறைக்காமல் அச்சு வெட்டவிட்டான் பாருங்கள், அந்த ஒன்றுக்காக எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை. ஆனால் முகம் பெருக்கப் பெருக்கக் காசு இளைத்தது. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில், 64-ஆம் ஆண்டு வாக்கில் 96 அடித்தார்கள். வெள்ளியில் கலப்பும் கூடியது.

நம் ஊருக்கும் அந்த முகம் வந்தது. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை, இடையில் நீரோவும் உண்டு. பெரும்பாலானவற்றில் ஓர் உளி வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, தங்கமாக நிறுத்து வாங்கு என்பதற்கான அடையாளம் அது என்று கருதுகிறார்கள். அதைப் பின்பக்கத்திலும் போட்டிருக்கலாம். போட்டவர் போட்டது சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே.