உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'இன்டர்ஸ்டெல்லர் படத்தில் வசனத்தை விழுங்கியது இசையா, மிக்ஸிங்கா?' இதுதான் தலைப்பு. வசனம், இசை, மற்ற ஒலிகள் எல்லாவற்றையும் கலந்து அளவு வைக்கும் வேலைதான் மிக்ஸிங். குற்றவாளி அதுதான் என்பது எங்கள் கட்சி. 2014 நவம்பரில் படம் வந்ததுமே பலர் ஹான்ஸ் ஸிம்மரின் இசையைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரணித் தலைவரும் சற்றுமுன் "ஆர்கனை வைத்ததே தப்பு" என்றார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன், ஐயா?

அம்பின் கூர்மையை நான் மறுக்கவில்லை. லண்டன் டெம்பிள் சர்ச் தேவாலயத்தில் உள்ள, ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனம் செய்த, குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் ஆர்கன், 34 தந்தி வாத்தியங்கள், 24 குழல் வாத்தியங்கள், 4 பியானோ, 60 பேர் கோரஸ், மேலே சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியம். பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒலி தானாகத் தேயும். ஆர்கனில் விரலை எடுக்கிறவரை காற்று போய்க்கொண்டே இருக்கும், தேயவே தேயாது. சின்தசைசரில் நீட்டி ஒலிக்கும் 'பேட்' ஒலியும் அப்படித்தான். வசனம் நுழைய இடுக்கு எங்கே? போதாததற்கு, பலமான கீழ்ஸ்தாயி ஒலி தனக்கு மேலே உள்ள அலைவரிசைகளையும் காதுக்கு மறைத்துவிடும். பேச்சில் உயிரொலிகள் பலமானவை. த், ஸ், ஃப் போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடப்பவை. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. ஏதோ பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசினார் என்று தெரியாது. (எதிரணி கை தட்ட வேண்டாம், நான் இன்னும் முடிக்கவில்லை.)

இதற்கு மருந்து மிக்ஸிங் மேசையிலேயே இருக்கிறது. வசனம் வரும்போது இசையை 3 முதல் 6 டெசிபல் இறக்கலாம். இசையில் 2,000–4,000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் கொஞ்சம் வெட்டலாம். ஆர்கனைப் பக்க ஸ்பீக்கர்களுக்குத் தள்ளி, நடு ஸ்பீக்கரை வசனத்துக்கு விடலாம். எவ்வளவு செய்வது என்பது இயக்குநர் கையில். இந்தப் படத்தின் இயக்குநர் நோலன் என்ன சொன்னார்? அது தெரிந்தே செய்ததுதான், சில இடங்களில் வசனத்தையே சவுண்ட் எஃபெக்ட்டாக வைத்தேன் என்றார். ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும்போது வேறொருவரைப் பிடித்து விசாரிப்பது என்ன நியாயம்?

வீட்டில் 5.1 (நடு, பக்க ஸ்பீக்கர்கள் தனித்தனியாக உள்ள ஒலியமைப்பு) இருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள், வசனம் மேலே வரும். ஸிம்மரின் ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது. 2015 ஆஸ்கரிலும் இசைக்கும் சவுண்ட் மிக்ஸிங்குக்கும் தனித்தனியாகத்தான் பரிந்துரை.

படத்தில் பேராசிரியர் பிராண்ட் மரணப் படுக்கையில் சொல்வது கேட்காமல் போனதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கதையின் முடிச்சே அங்கேதான் அவிழ்கிறது, அது பிழையான முடிவு. எங்கள் அணியிலும் ஒரு பிழை. 'மவுன்டன்ஸ்' இசையில் 1.25 விநாடிக்கு ஒரு டிக், ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு நாள் என்று பெருமையாகச் சொன்னார் நண்பர். அந்த இசை வரும் நீர்க் கிரகத்தில் 1 மணி நேரம் பூமியில் 7 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 1.4 விநாடி வருகிறது. நல்ல இசைக்குத் தப்புக் கணக்கு எதற்கு?

கடைசியாக, சுழலும் எண்டூரன்ஸ் விண்கலத்தோடு நாயகன் கூப்பர் தன் சிறு கலத்தை இணைக்கும் காட்சி. அதே ஆர்கன், அதே முழக்கம், வசனம் மட்டும் சொற்பம். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஆர்கன்தான் குற்றவாளி என்றால் அங்கே அதற்கு எப்படி விடுதலை கிடைத்தது? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.