ஹெலிகாப்டர் இறங்க ஓர் இடம்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, அறுவைச் சிகிச்சைத் துறையின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் மிடுக்குக் குறையாமல் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற விமானிகளே, செவிலியர் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். உடல்நலிவையும் பொருட்படுத்தாமல் தலைவர் அவர்கள் வந்திருப்பது இந்த அவைக்குப் பெருமை.

போர்முனையில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டர் மீட்ட வரலாற்றைச் சொல்லி, நம் மருத்துவமனைகளில் ஹெலிகாப்டர் இறங்குதளம் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்பார்கள். காயம்பட்டவனுக்குத் தாமதமாக வரும் மருத்துவமும் அப்படித்தான்.

1944 ஏப்ரல், பர்மா. ஜப்பானியப் படைகள் சூழ்ந்த பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. அதன் விமானியும், அதில் வந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் காட்டுக்குள் பதுங்கிக் கிடந்தார்கள். வேறு விமானம் இறங்க அங்கே வழியில்லை. அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன் ஒரு சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டரில் புறப்பட்டார். இன்றைய இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்! அந்த வெப்பத்தில் விமானியோடு ஒரே ஒருவரைத்தான் அதனால் தூக்க முடியும். ஒருவரைக் கொண்டுபோய், சிறு விமானம் இறங்கக்கூடிய ஆற்று மணல்திட்டில் சேர்த்தார். திரும்பிப் போய் இன்னொருவரைக் கொண்டுவந்தார். அதற்குள் எஞ்சின் சூடேறி மக்கர் செய்தது. இரவு முழுவதும் காத்திருந்து, மறுநாள் மற்ற இருவரையும் மீட்டார். நால்வரும் பிழைத்தார்கள்! கைதட்டுங்கள், தகும்.

கொரியப் போரில் பெல் ஹெலிகாப்டரின் இருபக்கமும், வெளியே, ஸ்ட்ரெச்சர் கட்டி வீரர்களைக் கொண்டுவந்தார்கள். வழியில் விமானியால் அவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் முன்னணி அறுவைச் சிகிச்சைக் கூடாரங்களின் பக்கத்திலேயே இறங்குதளம் இருந்தது. வியட்நாம் போரில் ஹியூய் என்ற பெரிய ஹெலிகாப்டர் வந்த பின் காயம்பட்டவர் உள்ளே படுத்தார். பறக்கும்போதே மருத்துவ உதவியாளர் இரத்தப்போக்கை நிறுத்தினார். அதற்கும் முன்பே, இன்றைய வியட்நாமை உள்ளடக்கிய இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய போரில், வலேரி ஆந்த்ரே என்ற பிரெஞ்சுப் பெண்மணி விமானியாகவும் அறுவைச் சிகிச்சை நிபுணராகவும் பணியாற்றினார். அவரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

 இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். வானத்தில் மிச்சம் பிடித்த நிமிடங்களைத் தரையில் இழக்கலாமா? இறங்குதளம் ஊருக்கு வெளியே இருந்தால், அங்கிருந்து மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி போக்குவரத்து நெரிசல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான் அது. 1944-இல் மணல்திட்டு போதுமாக இருந்தது. அடுக்குமாடி மருத்துவமனை கட்டுகிறவர்களுக்கு மொட்டை மாடியில் இடமில்லையா?

தலைவர் அவர்களே, விபத்துச் சிகிச்சைப் பிரிவுள்ள ஒவ்வொரு பெரிய மருத்துவமனையின் வரைபடத்திலும், அந்தப் பிரிவுக்கு மின்தூக்கி இணைப்போடு ஓர் இறங்குதளம் கட்டாயம் இடம்பெற வேண்டும். இன்றைய தீர்மானத்தின் முதல் வரியாக இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.