அடிபட்டவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிகள் முன்னால் வந்து உட்காருங்கள், வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவையும் நின்றுகொண்டே கழிக்க வேண்டாம். இங்கே பாதிப் பேர் சைட்டிலும் ஷிப்யார்டிலும் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். சரி, இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

அடிபட்டவரைப் பார்க்கப் போகிற எல்லாரும் கேட்பது “யார் மேல தப்பு?” என்றுதான். சிங்கப்பூரில் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, “வேலையில் இருக்கும்போது நடந்ததா, இல்லையா?” வேலையில் நடந்தது என்றால் ஒரு சட்டம், ரோட்டிலோ கடையிலோ நடந்தது என்றால் வேறு சட்டம், கேட்கிற ஆதாரம், கிடைக்கிற தொகை, கெடு எல்லாமே மாறிவிடும்.

வேலையில் நடந்ததை முதலில் பார்ப்போம். இதற்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019 இருக்கிறது, நாம் ‘வீக்கா’ என்று சொல்வது. இப்போதுள்ள வடிவம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் பெரிய விஷயம் என்னவென்றால், யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். நீங்களே கவனக்குறைவாக இருந்து ஏணியிலிருந்து விழுந்திருந்தாலும் பொதுவாக இழப்பீடு உண்டு. “நீ ஹெல்மெட் போடல, உனக்கு எதுவும் கிடையாது” என்று சூப்பர்வைசர் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். குடித்துவிட்டு வேலை செய்து அடிபட்டால், வேண்டுமென்றே காயம் ஏற்படுத்திக்கொண்டால், சண்டை போட்டு அடிபட்டால், அது வேறு கதை. கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டாலும் இதில் சேரும். எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ போகும்போது நடந்தால் சேராது. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, பணிப்பெண்களுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

என்ன கிடைக்கும்? மூன்று வகை. எம்சி (டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளம், மருத்துவச் செலவு, அப்புறம் நிரந்தர ஊனம் என்றால் மொத்தமாக ஒரு தொகை (உயிர் போய்விட்டால் குடும்பத்துக்கு). வெளிநோயாளியாக இருந்தால் முதல் 14 நாள் எம்சிக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருஷம் வரைக்கும். இந்தச் சம்பளம் வெறும் அடிப்படைச் சம்பளம் இல்லை, விபத்துக்கு முந்தைய 12 மாதத்தின் சராசரி, அதில் ஓவர்டைமும் சேரும். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு ஓவர்டைமில்தான் கையில் காசு நிற்கிறது, அதனால் பேஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

நிரந்தர ஊனத்துக்கான தொகையில்தான் குழப்பம் அதிகம். 2025 நவம்பர் 1 முதல் நடக்கிற விபத்துகளுக்கு உச்ச வரம்பு 346,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கீழ் வரம்பு 116,000 வெள்ளி. இதைக் கேட்டதும் சிலர் கண்ணை விரிக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். அது நூற்றுக்கு நூறு ஊனத்துக்கான கணக்கு. உங்கள் கைக்கு 10 விழுக்காடு ஊனம் என்று டாக்டர் எழுதினால், கிடைப்பது 11,600 வெள்ளிக்கும் 34,600 வெள்ளிக்கும் நடுவில் எங்கோ நிற்கும். எங்கே நிற்கும் என்பதை உங்கள் சராசரிச் சம்பளமும் வயதும் முடிவு செய்யும், வயது குறைந்தவருக்கு அந்தச் சம்பளத்தைப் பெருக்குகிற எண் அதிகம். டாக்டர் இந்த விழுக்காட்டைக் காயம் ஓரளவு ஆறி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கணிப்பார். அதுவரைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாக இங்கே தங்க விடுகிற அனுமதி), வேலை இல்லாமல், ஊரிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல். சட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். காகிதத்தில் உரிமை இருக்கிறது, ஆனால் அது கைக்கு வருவதற்குள் ஆள் சோர்ந்துபோய் “கொடுக்கிறதைக் கொடுங்க, நான் ஊருக்குப் போறேன்” என்று சொல்லிவிடுகிறார். லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவுகிற டிடபிள்யூசி2 அமைப்பு வருஷக்கணக்காக இலவசச் சாப்பாடு கொடுத்து வருகிறதே, அந்த வரிசையில் கையிலும் காலிலும் கட்டோடு நிற்பவர்களைப் பார்த்தால் புரியும்.

ஊருக்குப் போனாலும், வேலை பாஸ் ரத்தானாலும், உங்கள் இழப்பீட்டு உரிமை போய்விடாது. இதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். ஆனால் ஒரு கெடு இருக்கிறது: விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கிடைத்தாலும், ஏன் லைட் டியூட்டி கொடுத்தாலும்கூட, முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். சில இடங்களில் இதைத் தவிர்ப்பதற்காக எம்சியே வாங்க விடாமல் “ரூம்ல ரெஸ்ட் எடு, சம்பளம் போட்டுடறோம்” என்பார்கள். அது உதவி மாதிரித் தெரியும். ஆறு மாதம் கழித்து முதுகு வலி முற்றும்போது, அடிபட்டதற்கே பதிவு இருக்காது. டாக்டரிடம் “வேலை செய்யும்போது விழுந்தேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதை அவர் எழுதி வைக்கட்டும். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு” என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது இரண்டாவது வழி. கவனக்குறைவுக்காக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. சாலை விபத்து, கடையில் ஈரத் தரையில் வழுக்குவது இதெல்லாம் இங்கேதான் வரும். வேலையில் அடிபட்டவரும் வீக்காவை விட்டுவிட்டு முதலாளி மேல் இந்த வழியில் போகலாம், ஆனால் அதே முதலாளியிடம் இரண்டையும் வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வழியில் உச்ச வரம்பு இல்லை; வலி, வேதனை, இனி சம்பாதிக்க முடியாமல் போகிற பணம் எல்லாவற்றையும் கேட்கலாம். அதற்கு விலை, எல்லாவற்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும்: எதிராளிக்கு உங்களிடம் கவனமாக நடந்துகொள்ளும் கடமை இருந்தது, அவர் அதில் தவறினார், அதனால்தான் உங்களுக்கு இந்தக் காயம். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கையில் ஒன்றும் வராது. பெரிய காயம், முதலாளியின் தப்புக்குத் தெளிவான சாட்சி, இரண்டும் இருந்தால் யோசிக்கலாம். சாட்சி சொல்ல வேண்டியவரே அதே கம்பெனியில் வேலை செய்கிற ரூம் நண்பர் என்றால், அவர் கடைசி வரை நிற்பாரா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்குக் கெடு பொதுவாக 3 வருஷம்.

உங்கள் தப்பும் கொஞ்சம் இருந்தால் வழக்கே போய்விடும் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பங்கு அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பாதசாரி பச்சை விளக்கு எரியும்போதுதான் சாலையைக் கடந்தார், டாக்சி மோதியது. எல்லாரும் என்ன நினைப்போம்? டாக்சிக்காரர் மேல் முழுத் தப்பு. ஆனால் நீதிபதிகளில் பெரும்பான்மையினர், வண்டி வருகிறதா என்று அவரும் பார்த்திருக்க வேண்டும் என்று 15 விழுக்காடு பொறுப்பைப் பாதசாரி மேலேயே வைத்தார்கள். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது, பச்சை விளக்கை நம்பாமல் வேறு எதை நம்புவது? ஆனாலும் சட்டம் இப்போது அதுதான்.

சாலை விபத்தில் காப்புறுதி இல்லாத வண்டியோ, இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியோ என்றால் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பிடம் கேட்க வழி இருக்கிறது, கைவிட்டுவிடாதீர்கள். வண்டி எண், கேமராப் பதிவு, பார்த்தவரின் போன் நம்பர், போலீஸ் புகார், இவற்றை அன்றைக்கே பிடியுங்கள்.

கடைசியாக வக்கீல் காசு. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் “கேஸ் ஜெயிச்சா எனக்கு இத்தனை விழுக்காடு போதும்” என்று ஆள் பிடிக்க வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய வழக்கில் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பது இங்கே வக்கீல்களுக்கு அனுமதி இல்லை, ஆள் பிடிக்கத் தரகர் வைப்பதும் கூடாது. அரசின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை பாஸில் இருக்கிற தம்பிகள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, ஊழியர்களுக்கு உதவுகிற ‘ஹோம்’ அமைப்பையோ நான் முன்பு சொன்ன டிடபிள்யூசி2-ஐயோ பாருங்கள். வீக்காவுக்கு வக்கீல் இல்லாமலே நீங்களே விண்ணப்பிக்கலாம் என்பதையும் அந்தத் தரகர் சொல்ல மாட்டார்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். கம்பெனி கொடுத்த கடிதம் யாரிடமாவது இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேடைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.