அலாரம் பெட்டிக்குள் ஓடும் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு அலாரம் பொருத்தித் தருவது என் தொழில். பொருத்தச் சொல்லி அழைப்பவர்கள் வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்பார்கள். சைரன் எவ்வளவு தூரம் கேட்கும்? கைப்பேசிக்கு அழைப்பு வருமா? மின்சாரம் போனால் வேலை செய்யுமா? எல்லாம் கேட்கவேண்டியவைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதே, அது சரியான நேரம் காட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இன்று அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அலாரம் பெட்டி சைரனை ஒலிக்க வைப்பதோடு நிற்பதில்லை. எந்தக் கதவு எப்போது திறந்தது, யாருடைய எண்ணை அழுத்தி அலாரம் நிறுத்தப்பட்டது, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது என்று வரிசையாகக் குறித்து வைக்கிறது. திருட்டு நடந்த வீட்டில் சைரன் ஓய்ந்த பிறகு மிஞ்சுவது அந்தப் பதிவு மட்டுமே. அதில் படம் இருக்காது, குரல் இருக்காது. 'பின்கதவு திறந்தது' என்ற ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஒரு நேரமும் இருக்கும். அந்த நேரம் பிழையானால் அந்த வரி யாரை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கிவிடும்.

இப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதவு திறந்தாலே கைப்பேசிச் செயலியில் பதிவாகும் வகை அலாரம் அந்த வீட்டில் இருந்தது. அலமாரியில் வைத்த பணத்தைக் காணவில்லை. பின்கதவு காலை 10.35க்குத் திறந்ததாகப் பதிவு சொன்னது. பாத்திரம் துலக்க வரும் அம்மா பத்தரைக்கு வருபவர். அவ்வளவுதான், சந்தேகம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. பதிவை எடுத்துத் தரச் சொல்லி என்னை அழைத்தார்கள். போனதும் பின்கதவை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, செயலியில் என்ன நேரம் விழுகிறது என்று பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் கூடுதலாக விழுந்தது. அப்படியானால் கதவு திறந்தது 8.05க்கு. அந்த நேரத்தில் அந்த அம்மா இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் வேலையில் இருந்தார். அந்த வீட்டுக்காரர்களே வந்து சொன்னார்கள். பழி நீங்கியது. ஆனால் அவர் தன்னைச் சந்தேகித்த வீட்டு வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. போகவும் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டரை மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கருவிகளில் பல சீனாவில் தயாராகின்றன. சீன நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி முன்னால். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். பெட்டியைப் பிரித்து மாட்டியவர் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால், கருவி இணையத்திலிருந்து துல்லியமான நேரத்தை வாங்கி, அதைச் சீனக் கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும். வெறும் நேரத்தை மட்டும் திருத்திவிட்டு மண்டலத்தை அப்படியே விட்டாலும், அடுத்த முறை இணையத்தோடு பேசும்போது பழையபடி மாறிவிடும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது கிரீன்விச் கூட்டல் 5.30 என்று இருக்கிறதா என்பது. அதோடு, மேலைநாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவிகளில் கோடைக்கால நேர மாற்றம் என்று ஓர் அமைப்பு இருக்கும். நமக்கு அந்த வழக்கம் இல்லை. அதை அணைக்காவிட்டால், ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும்.

இணையம் இல்லாத பழைய வகைப் பெட்டிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம்தான் நேரம் காட்டுகிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி செய்த சிறு துண்டு அது. சுமார் 25 டிகிரி வெப்பத்தில் ஒழுங்காக ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மேற்குப் பார்த்த சுவரில், இரும்புப் பெட்டிக்குள், டிரான்ஸ்பார்மர் சூட்டின் பக்கத்தில் இருக்கும் படிகத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே 50 டிகிரி இருந்தால், அந்தச் சூட்டினால் மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 விநாடி பின்தங்கும். கேட்க அற்பமாக இருக்கும். மாதத்துக்கு ஒரு நிமிடம். நான்கு ஆண்டு யாரும் தொடாத பெட்டியில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் பெட்டியை மாட்ட இடம் தேடும்போது வெயில் படாத உள்சுவரைக் காட்டச் சொல்லி நான் விடாமல் கேட்கிறேன்.

இன்னும் சில கருவிகள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை எண்ணி நேரம் கணக்கிடுகின்றன. விநாடிக்கு 50 சுற்று என்பது கணக்கு. ஆனால் மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்பு எந்நேரமும் சரியாக 50இல் நிற்பதில்லை. நம் நாட்டில் அது 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு நாள் முழுவதும் சராசரி 49.95 ஆக இருந்துவிட்டால் அத்தகைய கடிகாரம் 86 விநாடி பின்தங்கிவிடும். 2018இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இது பெரிய செய்தியாயிற்று. கொசோவோ, செர்பியா பகுதியில் மின் உற்பத்திக் கணக்கில் விழுந்த பற்றாக்குறையால், பல நாடுகளை இணைக்கும் தொகுப்பு முழுவதும் அதிர்வெண் குறைந்தது. மார்ச் மாதத்துக்குள் பல நாடுகளில் அடுப்பு, ரேடியோ ஆகியவற்றில் இருந்த கடிகாரங்கள் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கியிருந்தன. எங்கோ ஒரு மூலையில் ஏற்பட்ட குறை, தொலைதூரத்து வீட்டுக் கடிகாரத்தையும் தாமதமாக்கியது.

இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் அதிகமாக நடப்பது வேறு. பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். நம் வெப்பத்தில் சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். மின்சாரம் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், பேட்டரி கைவிட்டுவிடும். மீண்டும் மின்சாரம் வரும்போது பெட்டி உயிர்பெறும், கதவுகளைக் கண்காணிக்கும், சைரனும் ஒலிக்கும். ஆனால் கடிகாரம் மட்டும் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1, நள்ளிரவு என்று புதிதாகத் தொடங்கிவிடும். இரவு 11 மணிக்குத் தானாகக் காவலுக்குப் போகும்படி அமைத்திருந்தால், இனி அது பட்டப்பகலில் காவலுக்குப் போகும். தூங்கி எழுந்து வாசல் கதவைத் திறக்கும் பெரியவர்கள் சைரன் சத்தத்தில் பதறிப்போவார்கள். அதைவிட மோசம், இரவு முழுவதும் வீடு காவலில்லாமல் கிடக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் தனியாக வாழும் வீடுகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சைரன் இரண்டு முறை தவறாக ஒலித்தால், மூன்றாவது நாள் அவர்கள் அலாரத்தையே அணைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என்ன செய்யலாம்? பராமரிப்பு மின்தடை முடிந்து மின்சாரம் வந்த அன்று மாலை, பெட்டியின் திரையில் நேரத்தையும் தேதியையும் ஒரு முறை பாருங்கள். முற்பகலா பிற்பகலா என்பதையும் பாருங்கள்; 12 மணி நேரக் கணக்கில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. 24 மணி நேரக் கணக்குக்கு மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். நேரம் தொடக்கத்துக்குப் போயிருந்தால், திருத்தியதோடு விடாதீர்கள். பேட்டரியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ஒரு காலத்தில் இதே வானொலியில் செய்தி தொடங்குவதைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தினோம். இப்போது இணையம் வழியாகக் கேட்டால் ஒலி சில விநாடி பிந்தி வருகிறது. கைப்பேசியில் தானியங்கி நேரத்தை இயக்கி, அதைப் பார்த்துத் திருத்துங்கள். வீட்டுத் தேவைக்கு அது தாராளம். நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைப் புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் பேணிவருகிறது. இணைய வசதியுள்ள கருவியானால், அந்த ஆய்வகத்தின் நேர சர்வரின் முகவரியையே அதில் பதிந்துகொள்ளலாம். கேமரா ரெக்கார்டரும் அலாரமும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து நேரம் வரட்டும்.

இனி சொல்லப்போவதை எல்லோரும் கவனிக்கவேண்டும். வீட்டில் ஏதேனும் நடந்துவிட்டது, அப்போதுதான் கடிகாரம் தவறாக ஓடுவது தெரிகிறது என்றால், உடனே அதைத் திருத்தாதீர்கள். திருத்திய நொடியில், எவ்வளவு தவறியிருந்தது என்ற கணக்கு அழிந்துபோகும். பழைய பதிவுகளை இனி யாராலும் சரியான நேரத்தோடு பொருத்த முடியாது. பெட்டியின் திரையையும் சரியான நேரம் காட்டும் கைப்பேசியையும் அருகருகே வைத்து, வேறொரு கைப்பேசியில் படம் எடுங்கள். 17 நிமிடம் வேகம் என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு பதிவிலிருந்தும் 17 நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம், பதிவு பயன்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கும்போது அதற்குச் சான்றிதழும் தரவேண்டும். கருவி ஒழுங்காக இயங்கியதா என்ற கேள்வி அங்கே எழும். அப்போது இந்தப் படம் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

காவல் நிலையத்தில் தரும் புகார் மனுவிலும் ஒரு வரி சேருங்கள்: 'எங்கள் அலாரம் பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைவிட இத்தனை நிமிடம் வேகமாக ஓடுகிறது, இந்தத் தேதியில், இந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம்.' விசாரிக்கும் அதிகாரி பக்கத்து வீட்டு கேமராவையும் தெருமுனைக் கடையின் கேமராவையும் உங்கள் பதிவோடு பொருத்திப் பார்க்கும்போது, அந்த ஒரு வரி அவருக்குப் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். மனுவின் நகல் கைக்கு வந்த பிறகு, பதிவுகள் முழுவதையும் தனியாக எடுத்து வைத்த பிறகு, கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வணக்கம்.